ஒட்டுக்கேட்டான்

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் இடது முழங்காலைத் தவிர. உன் இருமல் எப்படி இருக்கிறது? அந்த ஊர் ஈரத்தில் மனுஷன் என்ன, உப்பே உலராது என்கிறாள் உன் அண்ணி.

ஒரு செய்தி. நம் நீரேற்று நிலையத்தை மூடிப் பதினோரு வருஷம் ஆகிறது. இப்போது அந்த இடத்தைப் பூங்கா ஆக்கப்போகிறார்கள். பம்ப் ரூம், வடிகட்டித் தொட்டி, நாம் குடியிருந்த ஆறு வீட்டு வரிசை எல்லாம் சேர்த்து. நடுகிற வேலை முழுக்க என் பொறுப்பு. நகராட்சித் தோட்டப் பிரிவில் முப்பது வருஷம் ரோட்டோரச் செடிக்குத் தண்ணீர் காட்டியவனுக்கு இதைவிடப் பெரிய வேலை கிடைக்காது.

இரண்டு வருஷத்துக்குத்தான் லாரித் தண்ணீர். அதற்கப்புறம் வைத்தது தானாகப் பிழைத்துக்கொள்ள வேண்டும். அதனால் தைலமரம்தான் என்று சொன்னேன். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, அது பூமித் தண்ணீரையெல்லாம் குடித்துவிடும் என்றார். "குடிக்கிறதுக்கு இங்க தண்ணி இருந்தா நான் ஏன் சார் இதை நடப்போறேன்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார்கள். ஆனால் அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. குட்டை வகையாகப் பார்த்து, இடைவெளி விட்டு, குழாய்களுக்குத் தள்ளி வைக்க வேண்டும். உன் கல்லூரி நூலகத்தில் வறண்ட நிலத்துக்கான யூகலிப்டஸ் பற்றி ஏதாவது இருந்தால் நகலெடுத்து அனுப்பு.

பழைய தைலமர வரிசையில் பன்னிரண்டுக்கு ஐந்துதான் மிச்சம். ஒட்டுக்கேட்டான் நிற்கிறான். இன்னும் நம் வீட்டு ஜன்னல் பக்கமாகவே சாய்ந்துகொண்டு. அம்மா ரகசியம் பேசும்போதெல்லாம் "மரம் கேக்குது" என்று ஜன்னலைச் சாத்துவாளே, நினைவிருக்கிறதா? நேற்று அடியில் போய் நின்றேன். என்ன கேட்டானோ, ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அண்ணன்


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்தபோது வெளியே மழை. முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல். இருமல் பாதி போய்விட்டது, மீதி என்னோடுதான் குடியிருக்கும் போலிருக்கிறது. போன வாரம் ஓர் அலமாரி முழுக்கப் பூஞ்சை. புத்தகங்களை மேசையில் விரித்துவைத்து, மின்விசிறியைப் போட்டு, பக்கம் பக்கமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணி கால்மணி நேரத்தில் காய்கிற ஊரில் வளர்ந்தவளுக்கு வாய்த்த வேலையைப் பார்.

நீ கேட்டது ஒரு பழைய தோட்டக்கலைப் புத்தகத்தில் இருக்கிறது. நகல் இத்துடன். சுருக்கமாகச் சொல்கிறேன். உயரமான கன்றாகப் பார்த்து மயங்காதே, முழங்கால் உயரம் போதும். சின்னதாக வைத்தது மூன்றே வருஷத்தில் பெரியதாக வைத்ததை முந்திவிடுமாம். குச்சி நட்டுக் கட்டாதே, காற்றில் ஆடினால்தான் அடி பருக்கும். தண்ணீரை எப்போதாவது விடு, விடும்போது ஆழமாக விடு. இலையில் எண்ணெய் இருப்பதால் சருகைச் சேரவிடக் கூடாது. வெள்ளிப் பூச்சுப் பூசினாற்போல் இலையுள்ள குட்டை வகைகள் நான்கைந்தைக் குறியிட்டிருக்கிறேன்.

இதையெல்லாம் படிக்கும்போது அந்த வரிசைதான் கண்ணில் நின்றது. குட்டி மரத்தில் இலை வட்டமாக, நீலமாக இருக்கும். மரம் வளர வளர அரிவாள் மாதிரி நீண்டுவிடும். ஒரே மரத்தில் இரண்டு மரத்து இலை எப்படி என்று நான் கேட்டதற்கு, "நீ மட்டும் இப்படியேவா இருக்கப்போற?" என்றாய். மொட்டின் மூடி கழன்று விழுமே, அதை விரல் நுனியில் தொப்பியாக வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். வெயிலுக்கு இலையெல்லாம் விளிம்பைக் காட்டித் தொங்கும். நிழல் என்று ஒன்று விழும், சல்லடையில் சலித்த மாதிரி. அந்தச் சல்லடை நிழலில்தான் என் சிறுவயசு முழுவதும் இருக்கிறது.

வடிகட்டித் தொட்டியைக் கழுவிவிடுகிற நாளில் வாய்க்காலில் தண்ணீர் வருமே, அந்தச் சத்தம் சில சமயம் இங்கே மழையில் கேட்கிறது.

அண்ணிக்கு என் அன்பு.
உன் தங்கை


மார்ச் 8

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

நகல் வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்து உன் அண்ணிக்குச் சத்தமாகப் படித்தேன். "கல்யாணமான புதுசுல இவ்வளவு ஆசையா ஏதாவது படிச்சிருக்கீங்களா?" என்றாள். ஒன்று மட்டும் இடிக்கிறது. 42ஆம் பக்கத்துக்கு அப்புறம் நேராக 45 வருகிறது. நடுவில் ஒரு தாளை இயந்திரம் விழுங்கிவிட்டதா? பார்த்து அனுப்பு.

வேலைக்கு ஆறு பெண்கள் வந்திருக்கிறார்கள். தலைமை தாங்குவது மேஸ்திரி அக்கா, இருபது வருஷமாக என்னோடு இருப்பவள். புதிதாக வந்தவர்களுக்கு என் பழக்கத்தை அவள்தான் விளக்கினாள். நான் குழி வெட்டுவேன், மண் கலப்பேன், தண்ணீர் விடுவேன். கன்றை எடுத்துக் குழிக்குள் வைக்க மட்டும் வேறு கை வேண்டும். "ஐயா சமைப்பாரு, ஊட்ட மாட்டாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அப்பா சொன்னதை அவர்களிடம் போய்ச் சொல்ல முடியுமா? "உன் கை பட்டா மரம் நிக்காதுடா." எனக்கு அப்போது பதினாறு வயசு. ஒட்டுக்கேட்டான் சாய ஆரம்பித்த வருஷம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், நாலு பேர் இருந்தார்கள். சாகும்வரை அதைத் திருப்பிச் சொல்லவும் இல்லை, இல்லையென்று சொல்லவும் இல்லை. நான்தான் இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

இப்போது இன்ஜினியர் அவனை வெட்ட வேண்டும் என்கிறார். நடைபாதை அவனுக்கு அடியில்தான் போகிறது. அடியைத் தோண்டி வேரைப் பார்க்கிறேன், வேர் நன்றாக இருந்தால் பாதையைத் தள்ளிப் போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். சரி என்றார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அவன் ஏன் சாய்ந்தான்? தினமும் காலையில் நான் ஒரு குவளை ஊற்றுவேன், அதனால் வேர் மேலேயே நின்றுவிட்டது, அதைத்தான் அப்பா சொன்னார் என்று நினைத்திருக்கிறேன். நீ அனுப்பியதும் அப்படித்தானே சொல்கிறது, ஆழமாக விடு என்று. புத்தகத்தில் வேறு காரணம் ஏதாவது போட்டிருக்கிறதா? தேடிப் பார்த்து எழுது.

உன் அண்ணன்


மார்ச் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இருப்புச் சரிபார்க்கும் மாதம். முப்பதாயிரம் புத்தகங்களின் முதுகைப் பார்த்ததில் என் முதுகு போய்விட்டது. மற்றபடி சுகம். உன் முழங்கால்?

நீ கேட்ட அந்தத் தாள் புத்தகத்திலேயே கிழிந்திருக்கிறது.

மரம் சாய்வதற்குப் பல காரணம் இருக்கலாம் என்கிறார்கள். காற்றுப் பக்கம், உப்பு மண், எவ்வளவோ. ஒரு குவளைத் தண்ணீரால் மட்டும் இருக்காது. ஆனால் இந்தக் கோடைக் காய்ச்சலில் அடியைத் தோண்ட வேண்டாம் அண்ணா. வேர் காற்றுப் பட்டு உலர்ந்துவிடும். முதல் மழை விழட்டும், அப்புறம் பார்க்கலாம்.

அந்தக் குவளை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பச்சை எனாமல், விளிம்பில் எனாமல் பெயர்ந்து கறுப்பாக ஒரு தழும்பு. நீ குளிக்கப் போகும் தண்ணீரிலிருந்து ஒரு குவளை எடுத்துப் போய் ஊற்றிவிட்டு, ஈரக் கையோடு என் பின்னலைப் பிடித்து இழுப்பாய். மற்றப் பதினொன்றுக்கும் தொட்டி கழுவிய தண்ணீர்தான், இதற்கு மட்டும் ஏன் தனி கவனிப்பு என்று கேட்டேன். "இதுக்குத்தான் குழி நானே வெட்டுனேன்" என்றாய். மழை வந்து போனதும் பட்டை நீள நீளமாக உரியும். உள்பக்கம் காகிதம் மாதிரி வழவழப்பாக இருக்கும், பென்சிலால் எழுதலாம். நீயும் நானும் முதலில் எழுதிக்கொண்ட கடிதங்கள் அதில்தானே. சண்டை போட்டுப் பேசாத நாட்களில் உன் தலையணைக்கு அடியில் வைப்பேன். காலையில் அது சுருண்டு குழலாகிக் கிடக்கும்.

அந்தக் கடிதங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, இல்லையா?

உன் தங்கை


ஏப்ரல் 16

அன்புள்ள தங்கைக்கு,

முதுகு தேவலையா? அண்ணி ஒரு எண்ணெய் சொல்கிறாள், கடைசியில் அவளே எழுதுவாள்.

நீ சொன்னபடி இன்ஜினியரிடம் சொல்லிவிட்டேன், மழைக்கு முன்னால் தோண்ட வேண்டாம் என்று என் தங்கை எழுதியிருக்கிறாள், நூலகத்தில் இருக்கிறாள் என்று. நூலகம் என்றதும் ஒப்புக்கொண்டார். ஜூலைவரை தவணை. சுற்றிக் கயிறு கட்டி, யாரும் அடியில் போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

பட்டைக் கடிதம் பற்றி எழுதியிருந்தாய். அதிலிருந்து அந்தக் காலமே மனசில் ஓடுகிறது. முக்கியமாக நட்ட நாள். அப்பா பன்னிரண்டு பால்பவுடர் டப்பாவில் கன்று போட்டிருந்தார், ஒவ்வொன்றிலும் அடியில் மூன்று ஆணி ஓட்டை. பதினொன்று முதல் நாளே நட்டாயிற்று. மூன்றாவதை நான் டப்பாவிலிருந்து உருவும்போது மண் பொலபொலவென்று உதிர்ந்து, வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாள் பன்னிரண்டாவது. நான் குழி வெட்டி முடித்த நேரம், பம்ப் பெல்ட் அறுந்துவிட்டது. சாமான் கிடங்குக்கு ஓடிப் போய் மாற்று பெல்ட் எடுத்து வரச் சொன்னார். நான் வரும்போது கன்று குழியில் நிற்கிறது, அப்பா வாய்க்காலில் கை கழுவிக்கொண்டிருக்கிறார், நீ மண்ணை மிதித்துக்கொண்டிருக்கிறாய். எவ்வளவு கச்சிதமாக நட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

சாயங்காலம் டப்பாக்களை அடுக்கினார், அடுத்த வருஷக் கன்றுக்கு வேண்டும் என்று. பதினொன்றுதான் இருந்தது. "டப்பா எங்கடா?" என்றார் என்னைப் பார்த்து. எனக்கு என்ன தெரியும்? முதுகில் ஒன்று விழுந்தது. நான்தான் எங்கேயோ போட்டிருப்பேன். முப்பத்தாறு வருஷமாக அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றால் சிரிப்பாய்.

இன்னொரு நல்ல செய்தி. பூங்காவுக்கு அப்பா பெயரை வைக்கலாம் என்று குழுவில் பேச்சு. பொட்டலில் பன்னிரண்டு மரம் நிறுத்திய பம்ப் ஆபரேட்டர் என்று. அம்மா இருந்து பார்த்திருக்க வேண்டும். திறப்பு நாளுக்காவது வா. அம்மா காரியத்துக்கு வந்துவிட்டுப் போனவள், ஒன்பது வருஷம் ஆகிறது.

உன் அண்ணன்


மே 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல். அண்ணி சொன்ன எண்ணெய் நன்றாகக் கேட்கிறது. அப்பா பெயர் வைக்கப்போவது சந்தோஷம். மிகவும் சந்தோஷம்.

இது நான் எழுதும் நான்காவது தாள். மற்ற மூன்றும் சரியாக வரவில்லை. உனக்கு ஒன்று எழுத வேண்டும், இப்போது நேரம் வாய்க்கவில்லை. வெயில் அதிகமாக இருக்கும், தலையில் துணி போட்டுக்கொள். மரத்துக்கு அடியில் நிற்காதே.

உன் தங்கை


ஜூன் 27

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம், உங்கள் அண்ணன் நன்றாக இருக்கிறார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழைக்கு முந்தின காற்று அடித்தது. உங்களுக்குத் தெரியுமே, புழுதியில் எதிர்வீடு தெரியாது. அதில் அந்தச் சாய்ந்த மரம் விழுந்துவிட்டது. நீங்கள் குடியிருந்த மூலை வீட்டின் மேல்தான். வீடு காலி, அதனால் ஓட்டோடு போயிற்று. ஆனால் அரைமணி நேரத்துக்கு முன்னால்வரை இவர் அதன் அடியில்தான் நின்றிருக்கிறார், கயிறு தளர்ந்துவிட்டது என்று இழுத்துக் கட்டிக்கொண்டு. மேஸ்திரி அக்கா டீ ஆறுகிறது என்று கூப்பிட்டதால் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். அவளுக்கு நான் ஆயுசுக்கும் டீ போட்டுக் கொடுக்கலாம்.

வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன். "பாத்தியா, நிக்கல" என்றார். அவ்வளவுதான். வேறு ஆளாக இருந்தால் மரம்தானே என்று திட்டியிருப்பேன். இவரிடம் சொல்ல முடியவில்லை.

இன்று அடிவேரைத் தோண்டி எடுக்கப் போயிருக்கிறார். வேறு யாரையும் தொடவிடவில்லை. நீங்கள் இரண்டு வரி எழுதினால் தேறுவார்.

உங்கள் அண்ணி


ஜூலை 2

தங்கைக்கு,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லை, மன்னித்துக்கொள்.

டப்பா கிடைத்துவிட்டது.

அவன் அடிவேரைப் பிளந்தேன். வேர் முழுக்க வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டு, கயிற்றுச் சுருள் மாதிரி இறுகிக் கிடக்கிறது. நடுவில் கட்டைக்குள் புதைந்து ஒரு தகர வளையம். அதற்குக் கீழே தட்டு, துருப்பிடித்து, தொட்டால் உதிர்கிறது. பக்கமெல்லாம் மண்ணாகிவிட்டது, விளிம்பும் அடித்தட்டும் மட்டும் மிச்சம். டப்பாவோடு நட்டிருக்கிறது. சுற்றின வேர் சுற்றினதுதான், தகரம் போன பிறகும் பிரியவே இல்லை.

நட்டது அப்பா. நான் கிடங்குக்குப் போயிருந்தபோது அவசரத்தில் அப்படியே வைத்து மூடியிருக்கிறார். வைத்துவிட்டு "டப்பா எங்கடா" என்று என்னையே அடித்தார். நாலு பேர் முன்னால் என் கையைச் சொன்னார். மறந்தே போயிருந்தாரோ, தெரிந்தே சொன்னாரோ, எனக்குத் தெரியவில்லை. மறந்திருந்தால் மன்னிக்கலாம் என்கிறாள் உன் அண்ணி. அவள் முப்பது வருஷம் குழிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவள் அல்ல.

நேற்றே குழுவில் போய்ச் சொல்லிவிட்டேன், அப்பா பெயர் வேண்டாம் என்று. காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை. ஹாலில் இருந்த அவர் படத்தையும் உள்ளே வைத்துவிட்டேன்.

ஒரு பக்கம் கோபம். இன்னொரு பக்கம், உன்னிடம் சொல்வதற்கென்ன, உடம்பே லேசாக இருக்கிறது. என் கை இல்லை. என் கையால் இல்லை. ஐம்பது வயசில் தெரிந்திருக்கிறது.

உன் அண்ணன்


ஜூலை 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பா படத்தை எடுத்து மறுபடி ஹாலில் மாட்டு. அதைச் செய்துவிட்டு மீதியைப் படி.

நட்டது நான்.

நீ கிடங்குக்கு ஓடினாய். பெல்ட் அறுந்த மோட்டார் வேறு மாதிரி சத்தம் போட்டது, அப்பா உள்ளே ஓடினார். குழியும் டப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். அப்பா வந்து எடுத்து வைக்கட்டும் என்று நின்றிருக்கலாம். முந்தின நாள் உன் கன்று உதிர்ந்ததையும் நீ வாங்கியதையும் பார்த்திருந்தேன். இது உதிராமல் நான் வைத்துவிட்டால் உனக்கு இன்றைக்கு ஒன்றும் விழாது என்று நினைத்தேன். டப்பாவைத் தட்டினேன், வரவில்லை. கவிழ்த்தேன், வரவில்லை. அடியில் மூன்று ஓட்டை தெரிந்தது. வேர் போகத்தானே அப்பா ஓட்டை போட்டிருக்கிறார், அதன் வழியாகப் போய்க்கொள்ளும் என்று அப்படியே இறக்கி மண்ணைத் தள்ளினேன். எனக்குப் பத்து வயசு. அதுவரைக்கும் அது பிழை மட்டும்தான்.

அப்பா கையெல்லாம் கிரீஸோடு வந்து, அதற்குள் யார் நட்டது என்றார். கன்று அழகாக நின்றது. உனக்குப் பெயர் கிடைக்கட்டும் என்று, "அண்ணன் நட்டுட்டுத்தான் போனான்" என்றேன். "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு வாய்க்காலில் கை கழுவப் போனார். நீ வந்து பார்த்தது அதைத்தான். அவர் நீ நட்டாய் என்று நம்பினார், நீ அவர் நட்டார் என்று நம்பினாய். இருவருக்கும் நடுவில் நான் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் டப்பா எங்கே என்று அவர் கேட்டபோது எனக்குத் தெரியும். உன் முதுகில் விழுந்த சத்தம் கேட்டது. சொல்லியிருந்தால் எனக்கு ஒரு அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் அது சொல்லக் கடினமாகிக்கொண்டே போயிற்று. உன் கையைப் பற்றி அவர் சொன்ன நாளில் நான் ஜன்னலுக்கு உள்ளே நின்றிருந்தேன். நீ சிரித்தாய். உன் காது சிவந்திருந்தது. அப்பாவுக்குத் தெரிந்து அவர் உன்னைச் சொல்லவில்லை அண்ணா. நீ நட்ட மரம் என்று நினைத்துத்தான் சொன்னார். அவர் செய்த தப்பு அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான். மற்றதெல்லாம் என்னுடையது.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. மழைக்கு முன்னால் தோண்டாதே என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. நான் சொன்னேன். நீ தோண்டினால் டப்பா வெளியே வரும் என்று. தாள் கிழிந்திருக்கிறது என்றதும் பொய். 43, 44 இரண்டு பக்கமும் இத்துடன் இருக்கின்றன. தொட்டியில் சுருண்ட வேர் எத்தனை வருஷம் கழித்தும் மரத்தைச் சாய்க்கும், காற்றில் விழும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. பிப்ரவரியிலேயே படித்துவிட்டு எடுத்து வைத்துக்கொண்டேன். அண்ணியின் கடிதத்தில் அந்த அரைமணி நேரத்தைப் படித்த பிறகு என்னால் நூலகத்தில் உட்கார முடியவில்லை. அன்று ஒரு டீ ஆறாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பது வருஷமாக நான் ஏன் வரவில்லை என்று நீ கேட்டதே இல்லை. அந்த மரத்தின் எதிரில் உன்னோடு நிற்க முடியாது, அதுதான்.

மன்னித்துவிடு என்று எழுத நினைத்தேன். அதை நீ கேட்காமல் நான் எழுதக் கூடாது என்று தோன்றுகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

தங்கை


செப்டம்பர் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

கார்டில் இடமில்லை, சுருக்கமாக எழுதுகிறேன். உங்கள் கடிதம் ஜூலையிலேயே வந்தது. தபால் தவறிவிட்டதோ என்று நீங்கள் தவிக்கக் கூடாது என்றுதான் இது. படித்துவிட்டார். சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். இரண்டு முறை சோப்புத் தண்ணீரில் போடப் பார்த்தேன். மாமா படம் ஹாலுக்கு வந்துவிட்டது. வேலைக்கு ஒழுங்காகப் போகிறார், ஒழுங்காகச் சாப்பிடுகிறார், ஒழுங்காகச் சண்டை மட்டும் போட மாட்டேன் என்கிறார். கொஞ்சம் விட்டுப் பிடியுங்கள்.

உங்கள் அண்ணி


நவம்பர் 6

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. எல்லோரும் சௌக்கியம், முழங்கால் உட்பட. உன் இருமல் திரும்பியிருக்குமே, அங்கே மழைக்காலம்.

நான்கு மாசம் எழுதவில்லை. கோபம்தான். எதற்கு என்று எனக்கே பிடிபட நாளாயிற்று. டப்பாவுக்கு அல்ல. பத்து வயசுக் குழந்தையிடம் எனக்கு என்ன கோபம்? அவள் என்னை அடியிலிருந்து காப்பாற்றத்தான் நட்டாள். நாற்பத்தாறு வயசுக்காரி மார்ச் மாசம் ஒரு கடிதம் எழுதினாளே, தோண்டாதே என்று, அதற்குத்தான். ஊரெல்லாம் காட்டினேன் அந்தக் கடிதத்தை. அது இன்னும் முழுதாகப் போகவில்லை. போகும். பொய் சொல்ல எனக்கு மனசில்லை, அதனால் எழுதிவிட்டேன்.

அப்பா பெயரை மறுபடி கொடுத்தேன். "நீங்கதானே சார் வேண்டாம்னீங்க?" என்றார் இன்ஜினியர். "அப்போ எனக்கு விஷயம் தெரியாது சார்" என்றேன். யோசிக்கிறார்களாம்.

பிளந்தபடி குழியிலேயே விட்டிருந்த ஒட்டுக்கேட்டானின் அடிக்கட்டையிலிருந்து ஆகஸ்டில் துளிர் வந்தது. வட்ட இலை, நீல நிறம், குழந்தை மாதிரி. மேஸ்திரி அக்கா விட்டுவிடலாம் என்றாள். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த வேரை வைத்துக்கொண்டு எது முளைத்தாலும் நாளைக்கு யார் தலையிலாவது விழும். எடுத்துவிட்டேன். எடுக்கும்போது ஒன்று பார்த்தேன், அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அடித்தட்டில் மூன்று ஓட்டை இருந்த இடத்தில், ஒன்றின் வழியாக ஒரே ஒரு வேர் வெளியே போயிருக்கிறது. தகரத்தை நெரித்துக்கொண்டு, என் மணிக்கட்டு பருமனுக்கு. நேராகக் கீழே. எவ்வளவு ஆழம் என்று தோண்டிப் பார்த்தேன், என் உயரத்துக்கு மேல் போனதும் விட்டுவிட்டேன். முப்பத்தாறு வருஷம் அவனை நிறுத்தியது அந்த ஒன்றுதான். ஓட்டை வழியாகப் போய்க்கொள்ளும் என்று நீ நினைத்தது முழுக்கத் தப்பில்லை.

நேற்றுக் காலை நடவு ஆரம்பித்தோம். குட்டை வகை, முழங்கால் உயரம், உன் குறிப்பின்படி. முதல் குழிக்கு மேஸ்திரி அக்கா வழக்கம்போல் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. இப்போதெல்லாம் டப்பா கிடையாது, கறுப்புப் பைதான். பையைக் கிழித்தேன். சுற்றியிருந்த வேரை விரலால் பிரித்துவிட்டேன், 43ஆம் பக்கத்தில் இருக்கிற மாதிரி. குழியில் இறக்கினேன். மண் கொஞ்சம் உதிர்ந்தது. உதிர்ந்ததை அள்ளிப் போட்டு மூடினேன். எழுந்து நின்றதும் அக்கா மற்றவர்களைப் பார்த்து, "ஐயா இன்னைக்கு ஊட்டியே விட்டுட்டாரு" என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் பதினொன்று வைத்தேன், எல்லாம் நானே.

பன்னிரண்டாவது குழி வெட்டி அப்படியே விட்டிருக்கிறேன். மூலை வீட்டு ஜன்னலுக்கு எதிரில், ஆனால் நன்றாகத் தள்ளி. டிசம்பரில் உங்கள் கல்லூரிக்கு விடுமுறை என்று எனக்குத் தெரியும். கன்று நிழலில் காத்திருக்கிறது. நான் பக்கத்தில் நிற்பேன், கிடங்குக்கெல்லாம் போக மாட்டேன்.

முதல் கன்றின் பையைக் கழுவி மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். உன் அண்ணி துவைக்கும்போது எடுத்து எறிந்துவிடுவாள். அதனால் இத்துடன் வைத்திருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள். யாராவது எங்கே என்று கேட்டால் காட்ட வேண்டும்.

உன் அண்ணன்